பூட்டுக்குள்ள ஒரு புரோகிராம்

சம்மர் கேம்ப்ல பசங்க குட்டி ரோபோ செய்றாங்க. இதோட வேர் எங்கன்னா, 1967-ல சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் குழு குழந்தைகளுக்காக உருவாக்கின ‘லோகோ’ மொழி. கட்டளை கொடுத்தா தரையில ஓடுற ஆமை ரோபோ பின்னாடியே வந்துச்சு.

ஆனா திண்டுக்கல்காரங்களுக்கு இந்த லாஜிக் புதுசா என்ன? நம்ம ஊர் மாங்காய் பூட்டைப் பிரிச்சுப் பாருங்க. உள்ள இருக்கிற லீவர் எல்லாம் சரியான உயரத்துக்கு எழும்பணும்; ஒண்ணு பிசகினாலும் திறக்காது. கோடிங்ல இதுதான் ‘ஆண்ட்’ கண்டிஷன். நம்ம ஆளுங்க அதை அரத்தால ராவியே எழுதினாங்க.

2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஆனா மலிவான மெஷின் பூட்டோட போட்டி போட முடியாம பட்டறைகள் குறையுது. அடுத்த கேம்ப்ல ரோபோ கிட் பக்கத்துல ஒரு பூட்டையும், அதைச் செய்ற ஆசாரியையும் உட்கார வைங்க. அவர்கிட்ட இருக்கிற கோடுக்கு பேக்கப் கிடையாது.