மைசூரின் ஞானஸ்நான ஏடுகளும் குடும்ப வரலாறும்

மைசூரில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் முன்னோர் பற்றிய நினைவு பாட்டன், பூட்டனோடு நின்றுவிடுகிறது. நிலம் வைத்திருந்தோருக்குப் பத்திரங்கள் உண்டு. படையோடும் கூலி வேலைக்கும் வந்து தங்கியோருக்கு அவை இல்லை. அத்தகையோரின் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் எழுதி வைத்தது பெரும்பாலும் பங்கு ஆலயத்தின் பதிவேடு ஒன்றே. ஆனால் அது வம்சாவளியாக எழுதப்பட்டதன்று. திருச்சபைச் சட்டம் கேட்ட கேள்விகளுக்குக் குருவானவர் விடை குறித்த ஏடு அது. அக்கேள்விகளை அறிந்து வாசிப்பவருக்கே அதிலிருந்து குடும்பம் புலப்படும்.

யார் யாரை மணந்தார் என்ற ஐயத்தைத் தீர்க்க, 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்கிலும் திருமண ஏடு வைக்கப் பணித்தது. 1614இல் வெளியான உரோமைச் சடங்குநூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், பங்குமக்களின் குடும்ப நிலை, இறப்பு என ஐந்து ஏடுகளை வகுத்தது. ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானத்தந்தை, ஞானத்தாய், குருவின் கையொப்பம் ஆகியவை இடம்பெறும். மொழி பெரும்பாலும் இலத்தீன்.

முதல் சிக்கல் பெயரில் எழுகிறது. இலத்தீன் ஏட்டில் பெத்ருஸ் என்றிருப்பவர் வீட்டில் இராயப்பன். பவுலுஸ் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். அதே மனிதர் சம்பளப் பட்டியலில் பீட்டர் ஆகியிருக்கலாம். குடும்பப் பெயர் வழங்காத சமூகத்தில் ஒரே பங்கில் பல பெத்ருஸ்கள் இருப்பர். அவர்களைப் பிரித்தறியப் பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரையும் ஒப்பிட வேண்டும். ஞானத்தந்தையாகத் தாய்மாமனோ சிற்றப்பனோ நிற்பது வழக்கமாதலால், அந்த ஒரு சொல் இன்னொரு கிளைக்கு வழிகாட்டும்.

ஏட்டின் மிகச் செறிவான செய்தி திருமணப் பதிவில் கிடைக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணப்பது தமிழ்க் குடும்பங்களில் உரிமை. திருச்சபைச் சட்டத்திலோ அது தடை. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் நான்காம் படி வரையிலான இரத்த உறவில் மணம் கூடாதென்றது. 1917ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு அதனை மூன்றாம் படியாகக் குறைத்தது. எனவே உறவுக்குள் மணம் முடிக்க விதிவிலக்குப் பெறவேண்டும். எந்தப் படியில் பெறப்பட்டது என்பது பதிவில் குறிக்கப்படும். குடும்பம் சொல்லத் தேவையில்லை என்று கருதிய உறவை, தடையாகப் பார்த்ததனாலேயே திருச்சபை எழுதி வைத்தது.

இரண்டாம் படி என்றிருந்தால் மணமக்களின் பெற்றோரில் ஒருவரும் ஒருவரும் உடன்பிறந்தார் என்று பொருள். சட்டம் அண்ணன் தம்பி மக்களையும் அண்ணன் தங்கை மக்களையும் ஒரே படியில் வைக்கிறது. தமிழ் உறவுமுறையோ முன்னவரைச் சகோதரர் என்று விலக்கிப் பின்னவரையே முறைகாரராகக் கொள்கிறது. ஆகவே பெரும்பாலும் இரண்டு வாய்ப்புகளே எஞ்சும்: மணமகனின் தாயும் மணமகளின் தந்தையும் உடன்பிறந்தோர், அல்லது மணமகனின் தந்தையும் மணமகளின் தாயும். நால்வரின் ஞானஸ்நானப் பதிவுகளை ஒப்பிட்டால் எதுவெனத் துணியலாம். வாய்மொழி நினைவில் விரைவில் மறையும் தாய்வழி இவ்வாறு மீட்கப்படுகிறது. குரு எழுதியதைவிடக் கூடுதலாக வாசிக்க உறவுமுறை அறிவு உதவுகிறது.

ஏடு எங்கே என்பது அடுத்த கேள்வி. 1908இல் நடைமுறைக்கு வந்த ஆணை, திருமணச் செய்தியை ஞானஸ்நானம் நடந்த பங்குக்கு அறிவித்து, அங்குள்ள பதிவில் குறிக்கச் செய்தது. எனவே அதற்குப் பிந்தைய தேடலில் ஓரக்குறிப்பே ஒருவர் எவ்வூரில் மணம் முடித்தார் என்பதைக் காட்டும். அதற்கு முந்தைய காலத்துக்கு நிர்வாக வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இயேசு சபையின் லியோனார்தோ சின்னாமி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மிஷனைத் தொடங்கினார். 1773இல் அச்சபை கலைக்கப்பட்டபின், புதுச்சேரியிலிருந்து இயங்கிய பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையினரின் பொறுப்புக்கு இப்பகுதி வந்தது. 1850இல் மைசூர் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது, 1886இல் மறைமாவட்டமானது. ஆனால் ஆயரின் இருக்கை பெங்களூரில். 1940இல்தான் பெங்களூர், மைசூர் என இரண்டாயின. ஆகவே 1910ஆம் ஆண்டு ஆவணமொன்று மைசூர் மறைமாவட்டம் என்று சொன்னால் அது பெங்களூரையும் உள்ளடக்கியது. நகரில் இன்று புனித பிலோமினா பேராலயம் நிற்குமிடத்தில் முதல் ஆலயம் 1843இல், மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் எழுந்தது. அதற்கு முந்தைய தலைமுறையைத் தேடுவோர் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் நோக்க வேண்டும்.

அங்கே ஒரு பெரும் இடைவெளி எதிர்ப்படுகிறது. 1784இல் திப்பு கன்னடக் கடற்கரைக் கத்தோலிக்கரைச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுவந்தார். குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் இடிக்கப்பட்டன. 1799 வரை நீண்ட அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பிறந்தோரையும் இறந்தோரையும் ஏட்டில் தேடுவது பெரும்பாலும் வீண். போர் முடிந்தபின் வந்த ஆபே துபுவா சிதறிய சமூகத்தை மீண்டும் ஒழுங்குபடுத்தி 1823 வரை பணியாற்றினார்.

மற்றோர் எல்லை மதம் மாறிய முதல் தலைமுறை. வயது வந்தபின் ஞானஸ்நானம் பெற்றவரின் பெற்றோர், கிறிஸ்தவர் அல்லர் என்ற குறிப்போடு நின்றுவிடுவதுண்டு. பழைய பெயரைக் குறிக்கக் குருவுக்குக் கட்டாயம் இல்லை. அதற்கு முந்தைய தேடலுக்கு உதவுவன மூத்தோர் சொல்லும் சொந்த ஊர்ப் பெயரும் குலதெய்வப் பெயரும் பங்காளி வகையறாவும் மட்டுமே. ஏடு பங்கு அலுவலகத்தில் இன்னும் சில காலம் காத்திருக்கும். எண்பதைக் கடந்த பாட்டி காத்திருக்கமாட்டார். ஆதலால் ஏட்டைத் திறக்குமுன் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதே ஆய்வின் முதற்படி.