கோட்டைக்குள்ள யாரு?

போன மாசம் எங்க வீட்டு ஹால்ல நான் ஒரு கோட்டை கட்டினேன். பிவிசி பைப், காடாத்துணி, பழைய ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, ரெண்டு டப்பா ஃபெவிகால். ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டுல பொம்மலாட்டம் எந்த மாதிரி மேடையில நடந்துச்சோ, அதே மாதிரி ஒண்ணு செஞ்சு பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

பொம்மலாட்டம்னதும் நமக்குக் கயிறுதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. கையுறை மாதிரி மாட்டிக்கிட்டு விரலால ஆட்டற கைப்பாவை. (அரசியல் செய்தியில தினமும் கேட்கற அதே வார்த்தைதான்.)

பிரச்சினை என்னன்னா, பார்த்துச் செய்ய அந்தக் காலத்து மேடை ஒண்ணுகூட மிஞ்சலை. துணியும் மரமும் எத்தனை வருஷம் தாங்கும்? இருக்கிறதெல்லாம் சில படங்கள்தான். அதுல முக்கியமான ரெண்டு படம் ஒரே புத்தகத்துல இருக்கு. அலெக்சாண்டரோட சாகசங்களை பிரெஞ்சு மொழியில சொல்ற கையெழுத்துப் பிரதி அது. எழுதி முடிச்சது 1338ல. ஜெஹான் த கிரீஸ்ங்கிற ஓவியர் படங்களை முடிச்சது 1344ல. இப்போ ஆக்ஸ்ஃபோர்டுல போட்லியன் நூலகத்துல இருக்கு.

பக்கத்தோட நடுவுல ராஜா, போர், குதிரை எல்லாம் தங்க முலாமோட ஜொலிக்கும். நம்ம விஷயம் அங்க இல்லை, பக்கத்தோட அடி ஓரத்துல இருக்கு. அங்கதான் குரங்குகள், விளையாடற பசங்க, மிருக முகமூடி போட்டு ஆடறவங்க எல்லாம் வராங்க. அந்தக் கூட்டத்துல ரெண்டு பொம்மலாட்ட மேடை. குட்டிக் கோட்டை மாதிரி மேல்பாகம், கீழே மறைக்கத் துணி, நடுவுல பொம்மைகள், முன்னாடி அண்ணாந்து பார்க்கிற ஜனங்க. பிரெஞ்சுல இன்னிக்கும் இந்த மேடைக்கு ‘காஸ்தலே’னு பேரு. குட்டிக் கோட்டைனு அர்த்தம்.

இன்னொரு படம் இதைவிடப் பழசு. இன்னிக்கு பிரான்ஸ்ல இருக்கிற அல்சாஸ் பகுதியில ஹெராட்னு ஒரு மடத்துத் தலைவி. 12ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில, தன் மடத்துப் பெண்கள் படிக்கறதுக்காக ஒரு பெரிய கலைக்களஞ்சியமே தயார் பண்ணினாங்க. அதுல ரெண்டு பேர் ஒரு மேசைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நின்னு, கயிறு இழுத்து ரெண்டு போர்வீரன் பொம்மைகளைச் சண்டை போட வைக்கிறாங்க. உலகத்துல எல்லாமே மாயைன்னு சொல்றதுக்கு அவங்களுக்குக் கிடைச்ச உதாரணம் அது. 1870ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மேல பீரங்கி குண்டு விழுந்தப்போ நூலகம் எரிஞ்சு, அந்தப் புத்தகமும் சாம்பலாச்சு. அதுக்கு முன்னாடியே சிலர் அதைப் பிரதி எடுத்து வச்சிருந்ததால, அந்தப் படம் மட்டும் நமக்குத் தெரியும். எனக்கு இது கொஞ்சம் பயமாவே இருக்கு. யாரோ ஒருத்தர் சோம்பேறியா இருந்திருந்தா அந்தப் பொம்மைகளே இல்லை.

சரி, என் கோட்டைக்கு வருவோம். எந்தப் படத்துலயும் அளவு கிடையாது. ஓவியர் தச்சருக்காக வரையலையே! முதல்ல நான் பண்ணின தப்பு, பொம்மை நிக்கற விளிம்புலயே கோட்டை மதில் மாதிரி பல்லு பல்லா அட்டையை வெட்டினது. பார்க்க அழகா இருந்துச்சு. பொம்மையைத் தூக்கிக் காட்டினா மூக்குக்குக் கீழ ஒண்ணும் தெரியலை. கைப்பாவைக்கு இடுப்புக்கு மேலதானே உடம்பு? அதையும் மதில் முழுங்கிடுச்சு. ரெண்டு நாள் வேலை வீண். கடைசியில பல்லுகளை ரெண்டு பக்கக் கோபுரத்துக்கு மாத்தினேன், நடு விளிம்பைத் தட்டையா விட்டேன்.

அடுத்தது உயரம். உள்ள நின்னுக்கிட்டு, கையைத் தலைக்கு மேல தூக்கி ஆட்டற மாதிரி வச்சேன். நாலு நிமிஷம்தான்! தோள்பட்டை எரிய ஆரம்பிச்சுடுச்சு. வசனம் மறந்துபோச்சு, வீரன் தலை சாய்ஞ்சு தூங்கற மாதிரி தொங்கறான். அப்பறம் விளிம்புக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பலகை அடிச்சேன், முழங்கையை ஊன்றிக்க. படத்துல அப்படி ஒண்ணு தெரியாது. ஆனா அந்தக் காலத்து ஆளுக்கும் தோள்பட்டை என் தோள்பட்டை மாதிரிதான் இருந்திருக்கும்.

அங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. மேடையை வரைஞ்சவர் பேர் தெரியும். புத்தகத்தை வச்சிருக்கிற நூலகம் தெரியும். அந்த ரெண்டு கோட்டைக்குள்ள கையைத் தூக்கி நின்ன ஆளை மட்டும் தெரியாது. பேரை விடுங்க, படத்துல முகம்கூட இல்லை. அவர் வேலையே மறைஞ்சு நிக்கறதுதான். அதை அவர் ரொம்ப நல்லாச் செஞ்சுட்டார்போல. மடத்துப் படத்துலயாவது கயிறு இழுக்கிற ரெண்டு பேரும் தெரியறாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அபார்ட்மென்ட் பசங்களுக்கு ஒரு ஷோ போட்டேன். ரெண்டு வீரர்கள், ஒரு சண்டை, மொத்தம் ஆறு நிமிஷம். பக்கவாட்டுல உட்கார்ந்திருந்த ஒரு பாப்பாவுக்கு என் கை தெரிஞ்சிருக்கு. நைசா எழுந்து பின்னாடி வந்து துணியை விலக்கி, “அங்கிள், நீங்களா?”ன்னா. மிச்சப் பசங்களும் எழுந்து ஓடி வந்துட்டாங்க. முன்னாடி யாருமே இல்லை. சண்டை பாதியிலயே நின்னுபோச்சு.

படங்களைப் பார்க்கணும்னா, போட்லியன் நூலகத்தோட இணையதளத்துல இலவசமாவே இருக்கு. 54ஆம் ஏட்டோட பின்பக்கம், 76ஆம் ஏட்டோட முன்பக்கம். நடுப்படத்தை விடுங்க, அடி ஓரத்தைப் பெருசாக்கிப் பாருங்க.