ஆதித்யா எல்1: ஒரு கருவி ஏழான கதை

தறியில பாவு ஏத்தினதுக்கு அப்புறம் புடவையோட அகலத்தை மாத்த முடியாது. காஞ்சிபுரத்துல எந்த நெசவாளரைக் கேட்டாலும் சொல்வாங்க. செயற்கைக்கோளும் கிட்டத்தட்ட அப்படித்தான். என்ன வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடணும்.

2008-ல இந்திய விண்வெளி அறிவியல் ஆலோசனைக் குழு யோசிச்ச ஆதித்யா ரொம்பச் சின்னது. சுமார் 400 கிலோ எடை, 800 கிலோமீட்டர் உயரம், சூரியனோட கொரோனாவைப் பார்க்க ஒரே ஒரு கருவி.

ஆனா அந்த உயரத்துல பூமி அப்பப்போ சூரியனை மறைச்சிடும். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 புள்ளியைச் சுத்தி வந்தா அந்தத் தொல்லை இல்லை. அதனால திட்டத்தையே மாத்தினாங்க. கருவிகள் ஏழாச்சு. நாலு சூரியனைப் பார்க்கும். மூணு, அங்கே வீசுற துகள்களையும் காந்தப்புலத்தையும் அளக்கும்.

இதுக்குக் கொடுத்த விலை, காலம். செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி திட்ட இயக்குநரா இருக்க, 2023 செப்டம்பர் 2-லதான் விண்கலம் கிளம்புச்சு. எல்1 போய்ச் சேர்ந்தது 2024 ஜனவரி 6.

அவசரமா ஒண்ணா, பொறுமையா ஏழா? காத்திருந்தது சரின்னுதான் எனக்குத் தோணுது. ஆனா 2008-ல ஆராய்ச்சிக்கு வந்த ஒரு மாணவருக்கு அது பதினஞ்சு வருஷம். அரசுப் பணத்துக்குக் கணக்கு எழுதும்போது அந்த வருஷங்களையும் சேர்த்து எழுதணும்.