வேகமும் வாகனக் காப்பீடும்: விபத்துப் பொறுப்பின் வரலாறு

சாலை விபத்தில் இழப்பீடு கொடுக்க வேண்டியவர் யார், பெறக்கூடியவர் யார் என்று முடிவு செய்யும்போது வாகனம் ஓடிய வேகமும் கணக்கில் வருகிறது. இந்தியச் சட்டத்தில் இதற்கு இரு பக்கங்கள் உண்டு. ஒருவர் அதிவேகமாக ஓட்டினார் என்பதற்காக, அவரால் பாதிக்கப்பட்டவரின் உரிமை குறைவதில்லை. ஓட்டியவரின் சொந்த உரிமையோ பெரிதும் சுருங்கிவிடுகிறது. இந்த ஏற்பாடு உருவாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கட்டாயக் காப்பீட்டுக்கு முன்

இந்தியாவில் விபத்தில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்க 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் வழிசெய்தது. ஆனால் உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டணம் செலுத்தி வழக்குத் தொடுத்து, எதிரியின் தவறை மெய்ப்பிக்க வேண்டும். வென்றாலும் வண்டிக்காரரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதமே. 1914-இல் வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டத்திலும் கட்டாயக் காப்பீடு இல்லை.

பிரிட்டன் 1930-இல் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்விதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காப்பீடு செய்யும் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்பந்தத்தின் இரு தரப்புகள். சாலையில் அடிபடுபவர் மூன்றாம் நபர்.

தீர்ப்பாயங்கள்

1956-ஆம் ஆண்டுத் திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழிவகுத்தது. 1982-இல், யார் தவறு என்று பாராமலே இறப்புக்கு ரூ. 15,000 தரும் விதி சேர்ந்தது. இப்போதுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தவறை மெய்ப்பிக்காமலே கோரக்கூடிய தொகை இறப்புக்கு ரூ. 5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 2.5 லட்சம். பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.

பாதிக்கப்பட்டவரின் நிலை

மூன்றாம் நபருக்கு இழப்பீடு தர மறுக்க, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டம் சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. ஓட்டுநர் உரிமம் இன்மை, குடிபோதை போன்றவை அவற்றில் அடங்கும். அதிவேகம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே, வேகமாக வந்து மோதினார் என்று சொல்லி நிறுவனம் கைவிரிக்க முடியாது. உரிமம் தொடர்பான மீறலிலும், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும் முறையை உச்ச நீதிமன்றம் 2004-இல் சுவரண் சிங் வழக்கில் விளக்கியது.

வேகமாக ஓட்டியவரின் நிலை

2014-இல் கர்நாடகத்தில் அதிவேகமாகக் காரை ஓட்டி, கார் கவிழ்ந்து ஒருவர் இறந்தார். அவருடைய குடும்பத்தார் ரூ. 80 லட்சம் கோரினர். விபத்துக்கு அவரே காரணம் என்பதால் இழப்பீடு இல்லை என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மறுத்தது. உழைத்துச் சம்பாதித்தவரை இழந்த குடும்பம், இழப்பீட்டையும் இழந்தது. உரிமையாளரே ஓட்டி இறந்தால், ரூ. 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டும் அதன் விதிகளின்படி தொகை கிடைக்கும். பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஈடுபடும் வாகனத்துக்குச் சாதாரண பாலிசி பொருந்தாது.

எது அதிவேகம்?

வேகம் மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்று 1998-இல் ஒரு குற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இடமும் சூழ்நிலையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. நாகப்பட்டினம் – திருவாரூர் சாலையில் உள்ள கீழ்வேளூரை எடுத்துக்கொள்ளலாம். சம்பா அறுவடைக் காலத்தில் டெல்டாச் சாலைகளின் ஓரத்தில் நெல் காயும். அறுவடை இயந்திரங்களும் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் மெல்ல ஊர்ந்து செல்லும். வெறும் சாலையில் குறையில்லாத வேகம், அங்கே கவனக்குறைவாகிவிடும். இரவில் பின்விளக்கின்றி நின்ற டிராக்டர் டிரெய்லரில் ஒருவர் வேகமாக வந்து மோதினால், தீர்ப்பாயம் தவறை இருவருக்கும் பங்கிட்டு, அவருடைய பங்குக்கேற்ப இழப்பீட்டைக் குறைக்கலாம்.

வேக வரம்பே ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 120 கி.மீ. என 2018-இல் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. விபத்தில் படுகாயமடைந்த ஒருவரின் மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் இழப்பீட்டை ரூ. 1.50 கோடியாக உயர்த்தியதுடன், 2021-இல் அந்த அறிவிக்கையையும் ரத்து செய்தது.

பிரீமியம்

கார்களுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் எஞ்சின் திறனைப் பொறுத்தது. நிதானமாக ஓட்டுபவரும் பறப்பவரும் ஒரே தொகை கட்டுகின்றனர். சொந்த வாகனச் சேதக் காப்பீட்டில், இழப்பு கோராத ஆண்டுகளுக்கு 50 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. ஓட்டும் முறையைக் கருவி மூலம் கணித்துப் பிரீமியம் வாங்கும் திட்டங்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் அனுமதி அளித்தது. விபத்துக்குப் பின் மட்டுமே கணக்கில் வந்த வேகம், இதன்மூலம் விபத்துக்கு முன்பே கணக்கில் வரத் தொடங்கியுள்ளது.