கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்: நடிப்புத் தொழிலும் சம்பாத்தியமும்

கிருஷ்ணன், என். எஸ். (29 நவம்பர் 1908 – 30 ஆகஸ்ட் 1957): நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் பயின்று, தமிழ்த் திரைப்படத்தில் நகைச்சுவைக்குத் தனித்ததொரு ஸ்தானத்தைத் தேடித் தந்த நடிகர், பாடகர், திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குநர். ‘கலைவாணர்’ என்னும் பட்டத்தால் பிரசித்தி பெற்றவர். அவருடைய கலையைப் பற்றியும் கொடைத் தன்மையைப் பற்றியும் எழுதப்பட்டவை அநேகம். அவர் எவ்வாறு பொருள் ஈட்டினார், ஈட்டிய பொருள் எந்தெந்த வழியில் சென்றது என்பதையே இக்கட்டுரை பிரதானமாக ஆராய்கிறது. ஒரு நடிகனின் ஜீவனம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எவ்வகையான ஏற்பாடுகளைச் சார்ந்து நின்றது என்பதை இவர் வாழ்க்கையைப் போல் தெளிவாகக் காட்டும் உதாரணம் தமிழ்நாட்டில் வேறொன்று கிடைப்பது அரிது.

தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். ஒழுகினசேரி அமைந்த நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. குடும்பம் வறுமைப்பட்டது, ஆகையால் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிப் படிக்க வாய்ப்பில்லாமல், மளிகைக் கடையில் எடுபிடி வேலை பார்த்தும், டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டும், இரவில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும் சிறுவன் கிருஷ்ணன் வீட்டுக்குச் சில்லறை கொண்டுவந்து சேர்த்தான். கொட்டகையில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கும் பையனுக்கு நாடகம் இலவசம் என்பதையும், எந்த இடத்தில் சபை சிரிக்கிறது, எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறது என்பதை மேடையிலிருப்பவர்களைக் காட்டிலும் அவன் நன்றாகப் பார்க்க முடியும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அவருடைய முதற் கலை வில்லடி, அதாவது வில்லுப்பாட்டு. அம்மன் கோயில் கொடைவிழாக்களில் சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் விடிய விடியப் பாடப்படும் நாட்டில், அவ்விரு தெய்வங்களின் பெயர்களைத் தாங்கிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக்கொண்டு தலைமைப் பாடகர் கதையை நடத்த, குடமும் உடுக்கையும் தாளமும் அதனுடன் சேர, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டுக் குறுக்குக் கேள்வி கேட்டுக் கதையை முன்னே தள்ளுவது இக்கலையின் மரபு. பிற்காலத்தில் திரையில் அவரும் அவருடைய மனைவியாகிய நடிகை டி. ஏ. மதுரமும் நடத்திய உரையாடல்களின் அமைப்பு, ஒருவர் சொல்ல மற்றவர் மடக்க, மடக்கியதிலிருந்தே அடுத்த கருத்துப் பிறக்கும் அந்த அமைப்பு, இந்த வில்லடி மேடையிலிருந்தே வந்தது என்று துணிந்து கூறலாம்.

1925ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தோற்றுவித்தபோது கிருஷ்ணன் அதில் சேர்ந்தார். அக்காலத்துப் பாலர் நாடக சபைகளின் பொருளாதாரம் விசேஷமானது. பெற்றோர் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பையனைக் கம்பெனியில் விட்டுவிடுவர். உணவும் உடையும் இருப்பிடமும் வாத்தியாரின் பயிற்சியும் கம்பெனியைச் சேர்ந்தவை. மாதச் சம்பளமாகிய சொற்பத் தொகை பெரும்பாலும் ஊரிலுள்ள குடும்பத்துக்கே சென்றுவிடும். கம்பெனிக்கோ அன்றன்றைய வசூலைத் தவிர வேறு மூலதனம் இல்லை. நான்கு நாள் மழை பிடித்துக்கொண்டால் கொட்டகை வாடகை பாக்கி நிற்கும், சம்பளமும் நிற்கும், அடுத்த ஊருக்குச் சீன்களையும் பெட்டிகளையும் ஏற்றிச் செல்ல ரயில் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டிவரும். ஆனால் எத்தகைய நெருக்கடியிலும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது கம்பெனி தர்மம். எல்லோரும் ஒரு பந்தியில் உண்பது, கையில் உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது என்னும் இந்தப் பழக்கத்தைக் கிருஷ்ணன் தமது பதினாறாவது வயதில் கற்றார். செல்வம் வந்த பிறகு அவர் நடந்துகொண்ட விதத்துக்கு இயற்கையான இரக்கம் ஒரு காரணமென்றால், இந்தக் கம்பெனி வாழ்க்கை மற்றொரு காரணமாகும்.

அந்தச் சபையில் அவர் நகைச்சுவை நடிகராக மட்டும் இருக்கவில்லை. வெ. சாமிநாத சர்மாவின் நாடகத்தை ஆதாரமாகக் கொண்டு அரங்கேறிய ‘தேசபக்தி’யில் காந்தியடிகளின் சரித்திரத்தை வில்லுப்பாட்டாக அவர் நடத்தினார், தெய்வக் கதைகளுக்கே உரியதாயிருந்த வில், தேசிய இயக்கத்தின் கருவியாக நாடக மேடை ஏறியது அவருடைய முயற்சியால்தான்.

திரைப்படம் அவரை 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டது. டி. கே. எஸ். சகோதரர்களின் ‘மேனகா’ முன்னே வெளிவந்தது; எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ அதன் பின் வந்தது. எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் டி. எஸ். பாலையாவுக்கும் அதுவே முதற்படம். அந்நாளைய ஊதிய வித்தியாசங்கள் வியப்பூட்டுவன. ‘பக்த நந்தனார்’ படத்துக்காகக் கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் பெற்றது 1935இல் நாடெங்கும் பேச்சாயிருந்தது; அதே சமயத்தில் நாடக சபையிலிருந்து வந்த இளம் நடிகர்களுக்கு நூறு ரூபாய் நோட்டைக் கையில் வாங்குவதே ஒரு சம்பவமாக இருந்தது. பாட்டுக்கு விலை இருந்தது. சிரிப்புக்கு இன்னும் விலை ஏற்படவில்லை.

சிரிப்புக்கு விலை ஏற்படுத்தியவர் கிருஷ்ணன். 1936இல் ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனாவுக்குச் சென்றபோது டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார், அவ்வம்மையார் வாழ்க்கைத் துணைவியும் தொழில் துணைவியுமானார். அதற்குப் பின் அவர் அமைத்துக்கொண்ட ஏற்பாட்டைத் தமிழ்த் திரைத்தொழில் வரலாற்றில் முக்கியமானதாகக் கருத வேண்டும். பிறர் எழுதியதைப் பேசிவிட்டுச் சம்பளம் பெற்றுக்கொண்டு போகும் நடிகராக அவர் நிற்கவில்லை. தமக்கென ஒரு குழுவை வைத்துக்கொண்டார். புளிமூட்டை இராமசாமி போன்ற நடிகர்கள் அதில் இருந்தனர். உடுமலை நாராயண கவி பாட்டு எழுதினார். கதையின் பிரதான ஓட்டத்திலிருந்து விலகி நிற்கும் நகைச்சுவைப் பகுதியை முழுவதும் தாமே கற்பனை செய்து, தம்முடைய ஆட்களைக் கொண்டே நடத்தித் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்தார். அசோகா பிலிம்ஸ் என்னும் பெயரில் நகைச்சுவைச் சிறுபடங்களையும் எடுத்தார். இவ்வாறு ஊதியம் வாங்குபவர் என்னும் நிலையிலிருந்து ஒப்பந்தக்காரர் என்னும் நிலைக்கு அவர் உயர்ந்தார். அந்த ஒப்பந்தத் தொகையிலிருந்து பல குடும்பங்களுக்குப் படியளக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று.

‘அம்பிகாபதி’ (1937), ‘திருநீலகண்டர்’ (1939), ‘சகுந்தலை’ (1940), ‘கண்ணகி’ (1942) என்று படங்கள் பெருகின. கிருஷ்ணன்–மதுரம் ஜோடி இல்லாத படத்தை விநியோகஸ்தர்கள் தயக்கத்துடன் பார்த்த காலம் அது. நாகர்கோவிலில் ‘மதுரபவனம்’ என்னும் வீடு எழுந்தது இந்தச் செழிப்பான நாட்களில்தான். 1944 தீபாவளிக்கு வெளிவந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ அவருடைய சம்பாத்தியத்தின் உச்சத்தைக் குறிப்பது. அந்தப் படம் ஓடத் தொடங்கிய சில வாரங்களுக்குள் அவ்வாழ்க்கை தடைப்பட்டது.

‘இந்து நேசன்’ பத்திரிகாசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் குத்துண்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் முதலில் அதை உறுதி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, வழக்கு மறுபடியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். முப்பத்தாறாவது வயது தொடங்கி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள், அதாவது ஒரு நடிகனின் வருவாய் மிக உயர்ந்திருக்க வேண்டிய பருவம், சிறையில் கழிந்தது. பிரசித்தி பெற்ற வக்கீல்களை அமர்த்துவதற்கும் கடல் கடந்து அப்பீல் நடத்துவதற்கும் ஆன செலவு இதற்குப் புறம்பு.

கிருஷ்ணன் கொடுத்துக் கொடுத்தே கெட்டார் என்று ஜனங்கள் சொல்வது வழக்கம். அவருடைய ஈகையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது; ஆயினும் அவருடைய பொருள் நிலை சரிந்தமைக்கு ஈகை ஒன்றையே காரணமாகக் கூறுவது நியாயமன்று. வழக்கும், சிறையும், பின்னால் சொந்தப் படங்களில் அவர் ஏற்ற பொறுப்புகளும் சேர்ந்தே அதைச் செய்தன. கொடைக் கதைகளின் அழகில் மயங்கி இந்த அநீதியான நஷ்டத்தை நாம் மறந்துவிடுகிறோம்.

அவர் சிறையிலிருந்த காலத்தில் மதுரம் செயலற்று இருந்துவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் என். எஸ். கே. நாடக சபையை நடத்தினார். குழுவை நம்பியிருந்த நடிகர்களுக்கு வேலை கிடைத்தது. அச்சபையின் ‘பைத்தியக்காரன்’ நாடகம் இரட்டை இயக்குநர்களான கிருஷ்ணன்–பஞ்சுவின் இயக்கத்தில் 1947இல் படமாயிற்று. விடுதலையான என். எஸ். கிருஷ்ணனும் அதில் தோன்றினார். அவர் சிறையிலிருந்தபோதே அச்சபையிலிருந்து பிரிந்து சென்ற கே. ஆர். இராமசாமி, தாம் தொடங்கிய சபைக்குக் ‘கிருஷ்ணன் நாடக சபா’ என்றே பெயரிட்டார். பிற்காலத்தில் முதலமைச்சரான அண்ணாதுரையின் ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ ஆகிய நாடகங்கள் அங்கே மேடையேறின. சிறையிலிருக்கும் ஒருவர் பெயரில் சபை நடந்தது என்றால், அவரிடம் உண்டவர்களின் நன்றி எத்தகையது என்பது புலப்படும்.

விடுதலைக்குப் பிறகு தொழில் மறுபடியும் வந்தது. ‘சந்திரலேகா’ (1948) படத்தை எடுத்துக்கொண்டிருந்த எஸ். எஸ். வாசன், கிருஷ்ணன், மதுரம் இருவருக்குமாகப் புதிதாகக் காட்சிகளை அமைத்துச் சேர்த்தார். அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’ (1949), அமெரிக்க இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் படமொன்றின் சாயலில் அமைந்தது. எதிர்பாராமல் பெருஞ்செல்வத்துக்கு உரியவனாகி அதை ஏழைகளுக்காகச் செலவிட விரும்பும் மனிதன் அதன் நாயகன். கிருஷ்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் கிடைத்திராது. மதுவிலக்கையும் அப்படம் வற்புறுத்தியது. நந்தனார் கதையின் கதாகாலட்சேப முறையையே எடுத்துக்கொண்டு, தீண்டாமைக்கு உட்பட்ட சிறுவன் ஒருவன் பட்டணம் சென்று படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்புவதைப் பாடும் ‘கிந்தனார்’ காலட்சேபமும் அதில் இடம்பெற்றது. நந்தனாரைப் போலத் தேகத்தை நெருப்பில் புனிதமாக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் கிந்தனுக்கு இல்லை; பள்ளிக்கூடம் போதும்.

‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய இரண்டையும் அவரே இயக்கினார். முன்னதைத் தாமே தயாரித்துப் பத்மினியைக் கதாநாயகியாக்கினார், பின்னது ஏ. எல். சீனிவாசனின் தயாரிப்பு. இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. ‘பணம்’ படத்தில், நாட்டிலுள்ள பணமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தேடித் திரிபவராக அவர் பாடியதும், ‘முதல் தேதி’ (1955) படத்தில் மாதச் சம்பளக்காரன் வீட்டில் முதல் இருபது நாள் இருக்கும் குதூகலத்தையும் கடைசிப் பத்து நாள் வரும் திண்டாட்டத்தையும் பாடியதும் இன்றளவும் கேட்கப்படுகின்றன. சம்பளத்தைக் குறித்து இவ்வளவு அனுபவத்துடன் பாடத் தகுதியுடையவர் அவரைவிட வேறு யார்?

ஈகையைப் பற்றிச் சில செய்திகளையாவது கூறாமல் இருக்க முடியாது. காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் தமது சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். திருநெல்வேலியில் பாட்டெழுதிக்கொண்டிருந்த சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞரைச் சென்னைக்கு அழைத்துவந்து ஆதரித்து, தமக்காகக் காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுதச் செய்தார். அவ்விளைஞர் பிற்காலத்தில் அக்கலையின் முதன்மைப் பிரதிநிதியாகிப் பத்மஸ்ரீ விருது பெற்றார். வருமான வரி அதிகாரி ஒருவர், கணக்கில் ‘தர்மம்’ என்று எழுதிய தொகைகளை நம்பாமல், மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்பவரைப் போல் வந்து சோதித்தார் என்றும், கிருஷ்ணன் தயங்காமல் கொடுக்க முன்வந்தார் என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. ஆதாரத்துடன் நிறுவ இயலாத கதைதான். ஆயினும் மக்கள் அவரை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்று தொலைக்காட்சித் தொடரில் நடிப்பவருக்கு நாள் கணக்கில் ஊதியம் பேசப்படுகிறது. கால்ஷீட் முடிந்தால் கணக்கு முடிந்தது. நடிகர் சங்கமும் நலநிதியும் ஓரளவு பாதுகாப்பு அளிக்கின்றன. கிருஷ்ணன் காலத்தில் அவையொன்றும் வலுப்பெறவில்லை. நலிந்த நடிகனுக்குச் சங்கமாகவும் நிதியாகவும் ஒரு தனி மனிதரின் வீட்டு வாசலே இருந்தது.

1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதன் பிறகு பத்து மாதங்களே கிருஷ்ணன் உயிரோடிருந்தார். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 48ஆம் வயதில் காலமானார். இருபது ஆண்டுகளுக்கு முன் நடித்த ‘அம்பிகாபதி’ கதை மீண்டும் படமானபோது அதிலும் மதுரத்துடன் நடித்திருந்தார். அது வெளியானதை அவர் பார்க்கவில்லை. சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969 ஜனவரி 14ஆம் நாள் முதலமைச்சர் அண்ணாதுரை திறந்துவைத்தார். அண்ணாதுரை கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே. நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பிலும் சிலை உண்டு. சென்னையிலிருந்த பாலர் அரங்கம் கலைவாணர் அரங்கமாயிற்று. பழைய கட்டடம் இடிக்கப்பட்டுப் புதிய அரங்கம் 2016இல் திறக்கப்பட்டது.

மதுரம் 1974இல் காலமானார். கலைவாணர் மறைந்தபின் பெரிய குடும்பத்தைக் காக்கும் பாரத்தை அவரே சுமந்தார். கடனுக்காக மதுரபவனம் ஏலத்துக்கு வந்தபோது, ‘சதி லீலாவதி’ நாள் முதல் கிருஷ்ணனை அறிந்த எம். ஜி. இராமச்சந்திரன் பணம் கட்டி அதை மீட்டுக் குடும்பத்தாரிடம் சேர்ப்பித்தார் என்பது நாஞ்சில் நாட்டில் அனைவரும் அறிந்த செய்தி.