சாதனை விற்பனை, சரிந்த பங்கு: 2013 ஜனவரியில் நடந்தது



உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் மாணவர் ஒருவர் போன கிழமை கேட்டார்: "சேர், ஒரு கொம்பனிட சாமான் நல்லா விக்குதெண்டா பங்கு விலை கூடத்தானே வேணும்? ஏன் குறையுது?" பாடவேளைக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. பெரியவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2012 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் ஐபோன் 5ஐ வெளியிட்டது. முதல் மூன்று நாட்களில் 50 இலட்சம் போன்கள் விற்றன. அந்த நாட்களில்தான் அதன் பங்கு 700 டொலரைத் தாண்டியது.

2013 ஜனவரி 23ஆம் திகதி கடைசிக் காலாண்டின் கணக்கு வந்தது. மூன்று மாதத்தில் 4 கோடி 78 இலட்சம் ஐபோன்கள். முந்தைய ஆண்டின் அதே காலத்தில் 3 கோடி 70 இலட்சம்தான். வருமானம் 54.5 பில்லியன் டொலர். இரண்டுமே அந்த நிறுவனம் அதுவரை காணாத உச்சம். ஆனால் மறுநாள் பங்கு 12 சதவீதம் விழுந்தது. ஏறத்தாழ 60 பில்லியன் டொலர் சந்தைப் பெறுமதி ஒரே நாளில் கரைந்தது.

ஏன்?

முதலாவது, இலாபம். விற்பனை அவ்வளவு கூடியும் தேறிய இலாபம் முந்தைய ஆண்டைப் போலவே சுமார் 13.1 பில்லியன்தான். 100 டொலருக்கு விற்றால் முன்பு 44.7 டொலர் மொத்த இலாபம் நின்றது, இப்போது 38.6 டொலர். அதிகம் விற்று, அதே அளவுதான் கையில் மிஞ்சியது.

இரண்டாவது, கட்டளைகள். பத்து நாட்களுக்கு முன்னர்தான், ஐபோன் 5க்கான திரைகளின் கட்டளையை அப்பிள் குறைத்துவிட்டது என்று ஜப்பானிய, அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதியிருந்தன. ஒரு துண்டுத் தகவலை வைத்து முழு வியாபாரத்தையும் கணிக்க முடியாது என்ற கருத்தில் தலைவர் டிம் குக் பதில் சொன்னார். ஆய்வாளர்களின் சந்தேகம் தீரவில்லை.

மூன்றாவது, பிளக்பெரியின் அனுபவம். அதன் பங்கு 2008 நடுப்பகுதியிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. போன் விற்பனையோ அதற்குப் பிறகும் ஏறி, 2011 பெப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் 5 கோடியைத் தாண்டியது. பிறகுதான் விழுந்தது. சாதனை விற்பனை ஆபத்தை மறைக்கும் என்பதை முதலீட்டாளர்கள் அப்போதுதான் பார்த்திருந்தார்கள்.

சரி, யார் சொன்னது சரி? 2013 நிதியாண்டில் அப்பிளின் இலாபம் 41.7 பில்லியனிலிருந்து 37 பில்லியனாகக் குறைந்தது. சந்தேகப்பட்டவர்கள் அந்த அளவில் சரி. ஆனால் 2014இல் பெரிய திரையுடன் ஐபோன் 6 வந்தது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் மட்டும் 7 கோடி 45 இலட்சம் ஐபோன்கள் விற்றன. பயந்து விற்றுவிட்டுப் போனவர்கள் நட்டப்பட்டார்கள். ஐபோன் விற்பனை முதன்முறையாகக் குறைந்தது 2016இல்தான். 2018 நவம்பரில், இனி எத்தனை போன் விற்றோம் என்ற எண்ணிக்கையை வெளியிடமாட்டோம் என்று நிறுவனமே அறிவித்துவிட்டது.

அந்த மாணவருக்கு என் பதில் இதுதான். பங்கு விலை, முடிந்த பரீட்சையின் புள்ளி அல்ல. அடுத்த பரீட்சையில் எவ்வளவு எடுப்பார் என்ற ஊகம். ஊகம் என்பதால் பிழைக்கவும் செய்யும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. பெருநாள் சீசனில் நன்றாக விற்றது என்பதற்காக, அதே சாமானைக் கடன்பட்டு இரட்டிப்பாக இறக்குவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். விற்றதில் கையில் நின்றது எவ்வளவு? வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வாங்கி முடித்துவிட்டார்களா?

பங்கில் காசு போட நினைக்கும் இளைஞர்களும் "சாதனை விற்பனை" என்ற தலைப்பைப் பார்த்து ஓடாதீர்கள். "கேள்வி குறைகிறது" என்ற தலைப்பைப் பார்த்தும் ஓடாதீர்கள். இலாபக் கணக்கை நீங்களே வாசித்துப் பாருங்கள்.