தாலி கட்டுற இடத்தில் படம் ஏன் நிற்கிறது? வீட்டில் அடித்த டிவிடியின் கதை

2000களில் எடுத்த கலியாண வீட்டு டிவிடி ஒன்றை இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். பால் அறுகு வைத்துத் தோய வார்க்கிற காட்சி ஒழுங்காக ஓடும். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவதும் ஓடும். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கின பிறகு படம் மெல்ல இழுபடும். பொம்பிளை கூறை மாற்றி வந்து இருந்து, தாலியைக் கையில் எடுக்கிற நேரம் மணவறையில் எல்லாரும் சிலையாகி நிற்பினம். பிறகு படம் ஒரு பாய்ச்சல் பாய்ந்து மாலை மாற்றுகிற இடத்தில் போய் விழும். கால்மாறிப் போகிற பகுதிக்கு வந்தால் சதுரம் சதுரமாக உடைந்த முகங்கள்தான்.

இதற்கு எல்லா வீட்டிலும் ஆயத்தமான விளக்கங்கள் உண்டு. "பிளேயர் பழசு." "மலிவுச் சீடியில அடிச்சிட்டாங்கள்." "தூசு பிடிச்சிட்டுது, துடைச்சுப் போடு." துடைக்கலாம், தப்பில்லை (நடுவில் இருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி இன்னும் மோசமாகும்). ஆனால் படம் நிற்பதற்கான காரணத்தில் பாதி அந்த வீட்டிலேயே இல்லை. டிவிடி என்கிற பொருள் எப்படிப் பிறந்தது என்பதில் இருக்கிறது.

1990களின் நடுவில் இரண்டு அணிகள் இரண்டு விதமான தட்டுகளோடு நின்றன. ஒரு பக்கம் சொனியும் பிலிப்ஸும், மறுபக்கம் தொஷிபாவும் டைம் வோர்னரும். வீடியோக் கசெற் காலத்து பீற்றாமக்ஸ் – விஎச்எஸ் சண்டை திரும்ப வரக்கூடாது என்று 1995 டிசம்பரில் ஒரே தரத்துக்கு உடன்பட்டார்கள். 1996 நவம்பரில் யப்பானில் முதல் பிளேயர்கள் கடைக்கு வந்தன. அந்த உடன்பாட்டின் நடுவில் இருந்தது தொழிற்சாலையில் அச்சடித்த படத்தட்டு. பொலிகாபனேற் பிளாஸ்ரிக்கில் குழிகளை அச்சுக் குத்தி, மேலே அலுமினியம் பூசுவார்கள். அந்தத் தட்டு தன்மேல் விழும் லேசர் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பி அனுப்ப வேண்டும் என்பது கணக்கு. முதல் பிளேயர்கள் எல்லாம் அந்த ஒளியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை.

வீட்டில் எழுதுகிற தட்டு பிறகுதான் வந்தது. 1997இல் பயனியர் கொண்டுவந்த டிவிடி-ஆர் 3.95 ஜிகாபைட் மட்டுமே பிடித்தது. ஸ்ரூடியோக்காரரைத் தவிர வேறு ஆர் வாங்குவினம் என்கிற விலை. 2001இல் அதே கொம்பனியின் எழுதுகருவி 1,000 டொலருக்குக் கீழே இறங்கியது. அந்த வருடம் ஜனவரியிலேயே அப்பிள் அந்தக் கருவியைத் தன் கணினிக்குள் வைத்து விற்கப்போவதாக அறிவித்துவிட்டது. ஒதுக்கி வைத்த சண்டையும் திரும்பியது. பிலிப்ஸ், சொனி, எச்பி முதலான கொம்பனிகள் சேர்ந்து 2002இல் டிவிடி பிளஸ் ஆர் என்ற வேறொரு தட்டை இறக்கின. கடையில் போய் வெறும் தட்டுக் கேட்டால் "மைனஸா, பிளஸா?" என்று கேட்ட காலம் அங்கே இருந்து வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஆண்டுகளின் வரிசை. எழுதும் தட்டுகள் மலிந்தபோது, உலகத்தின் வரவேற்பறைகளில் ஐந்து வருடமாகப் பிளேயர்கள் விற்றாயிற்று. அவற்றில் பலவற்றுக்கு இப்படியொரு தட்டு வரும் என்றே தெரியாது. ஆகவே புதுத் தட்டு, தன்னை அச்சடித்த தட்டுப்போலக் காட்ட வேண்டியிருந்தது. அதில் குழிகளே இல்லை. இரண்டு 0.6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் தகடுகளுக்கு நடுவே ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும்போது 650 நானோமீற்றர் சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு, அங்கங்கே ஒளி மங்கலாகத் திரும்பும்படி செய்கிறது. பிளேயர் அந்த மங்கலைக் குழி என்று நினைத்து வாசிக்கும். பிளஸ் தட்டில் இன்னொரு சுத்துமாத்தும் செய்யலாம்: தட்டின் தொடக்கத்தில் 'நான் இன்ன வகை' என்று சொல்லும் குறியீட்டை, எழுதும்போதே 'நான் அச்சடித்த தட்டு' என்று மாற்றி எழுதிவிடலாம். பிளஸ் ஆரை ஏற்காத சில பழைய பிளேயர்கள் இதனால் ஏமாந்து ஏற்றுக்கொண்டன. மைனஸ் தட்டில் அந்த வசதி இல்லை.

(தமிழில் மென்பொருளை மொழிபெயர்த்தவர்கள் இந்த வேலையை 'எரித்தல்' என்றார்கள். எங்கட ஆக்கள் அந்தச் சொல்லைப் பெரிதாக எடுக்கவில்லை. 'சீடி அடிக்கிறது', 'றைட் பண்ணுறது' என்றுதான் சொன்னார்கள். 1981க்குப் பிறகு, ஒன்றைப் பாதுகாக்கிற வேலைக்கு எரித்தல் என்று பெயர் சொல்ல யாழ்ப்பாணத்தில் வாய் கொஞ்சம் கூசும்தான்.)

சரி, தாலிக்கு வருவோம். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. தரவு, மையத்தில் இருந்து 24 மில்லிமீற்றரில் தொடங்கி 58 மில்லிமீற்றரில் முடிகிறது. வெளி வட்டம் நீளம் கூடியது என்பதால், தட்டு முழுக்க நிரம்பியிருந்தால் பாதிப் படம் ஏறத்தாழ 44ஆவது மில்லிமீற்றருக்கு அப்பால்தான் இருக்கும். அதாவது கலியாண வீட்டின் பிற்பாதி முழுவதும் விளிம்போரத்துக் கடைசி 14 மில்லிமீற்றருக்குள். கை படுகிற இடமும், தட்டு சாடையாக வளைந்தால் அதிகம் ஆடுகிற இடமும் அதுதான்.

வேகமும் அங்கேதான் கூடும். பெட்டியில் 16 மடங்கு என்று போட்டிருப்பது விளிம்பை எட்டும்போது வருகிற வேகம். உள்ளே தொடங்கும்போது ஆறேழு மடங்குதான். விளிம்பில் 16 மடங்குக்கு எழுத, தட்டு நிமிடத்துக்கு 9,000 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். மலிவுத் தட்டு, சாயம் ஒரே அளவாகப் படியவில்லை, மேலே பொம்பிளை மாப்பிள்ளை படம் போட்டு ஒட்டின கடதாசி மையம் விலகியிருக்கிறது, கடையில் வாசலில் ஆறு பேர் கொப்பிக்கு நிற்கினம். தாலி எழுதப்பட்டது இந்த நிலையில்தான்.

அப்படியென்றால் முதல் வருடம் ஏன் நன்றாக ஓடியது? அதற்குக் காரணம் 1960இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் என்ற இரண்டு கணிதக்காரர் எழுதிய வழிமுறை. டிவிடியில் தரவைக் கட்டம் போட்டு அடுக்குவார்கள்: ஒரு வரிசைக்கு 172 பைட், அப்படி 192 வரிசை. ஒவ்வொரு வரிசையோடும் 10 திருத்தப் பைட்டுகளும், ஒவ்வொரு நிரலோடும் 16 திருத்தப் பைட்டுகளும் சேரும். சில எழுத்துகள் அழிந்தாலும் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டு அப்படியே மீட்டுவிடலாம். இதனால் தட்டு கெடத் தொடங்கினாலும் படத்தில் ஒன்றும் தெரியாது. திருத்தம் மறைத்துக்கொண்டே வரும். மறைக்க முடியாத எல்லையைத் தாண்டிய பிறகுதான் பிளேயர் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும், சேமித்து வைத்திருந்த படம் தீரும், திரை உறையும். ஒலிநாடா கெடும்போது இரைச்சல் கூடிக் கூடி முன்கூட்டியே சொல்லும். டிவிடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. நிற்கத் தொடங்கின தட்டு, கனகாலமாகக் கெட்டுக்கொண்டிருந்த தட்டு.

ஆனால் எல்லாப் பழியையும் தட்டில் போட முடியாது. தாலி கட்டும்போது என்ன நடக்கிறது? கெட்டிமேளம், ஆளுக்கொரு பக்கம் இருந்து அட்சதையும் பூவும், நாலு கமராக்காரரின் ஃபிளாஷ் வெளிச்சம். டிவிடியின் எம்பெக்-2 முறை, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேமித்து இடம் மிச்சம் பிடிப்பது. பறக்கிற ஒவ்வொரு அரிசியும் அதற்கு ஒரு புது வித்தியாசம்; ஃபிளாஷ் அடித்தால் முழுப் படமுமே புதிது. தரவின் வீதம் அந்த இடத்தில் எகிறும். டிவிடிக்கு அனுமதித்த உச்சம் படமும் ஒலியும் எல்லாம் சேர்த்து செக்கனுக்கு 10.08 மெகாபிட், படம் மட்டும் 9.8. "உச்சத் தரத்தில போடுவம்" என்று படத்தை 9.8க்கு விட்டு, ஒலியைச் சுருக்காமல் 1.5 மெகாபிட்டில் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். கணினியில் ஓடும், ரீவிக்குக் கீழே இருக்கிற பிளேயரில் திக்கும். மறுபக்கம், மூன்று மணித்தியாலத்தை 4.7 ஜிகாபைட்டுக்குள் அடைத்தால் செக்கனுக்குச் சராசரி மூன்றரை மெகாபிட்தான் கிடைக்கும். அட்சதை விழும்போது முகம் சதுரமாக உடைவதற்கு அதுவே காணும்.

இன்னொரு வகைத் திக்கல் இதை எல்லாம் விடப் பழையது. கமரா பக்கவாட்டில் திரும்பும்போது படம் நழுவாமல் துள்ளித் துள்ளிப் போகும். முதல் நிமிடத்தில் இருந்து கடைசி வரை ஒரே மாதிரி. இதன் வேர் கரண்டில். அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், எங்களுக்கு 50. அங்கே செக்கனுக்கு 30 படம் என்று தொடங்கி, 1953இல் நிறம் சேர்த்தபோது 29.97 ஆயிற்று, அதுதான் என்ரிஎஸ்சி. ஐரோப்பாவில் 25. ஜேர்மனியில் ரெலிஃபுங்கன் கொம்பனியின் வால்ரர் புறூக் உருவாக்கிய பால் முறை அதோடு போனது. நாங்களும் பால்தான். ரூபவாகினியை 1982இல் கட்டித் தந்தது என்ரிஎஸ்சி நாடான யப்பான் என்றாலும், இங்கே வந்தது பால்.

இந்த 25க்கும் 29.97க்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. அந்தக் கடலைக் கடந்தவை எங்கட வீட்டுத் தட்டுகள். ரொறன்ரோவில் நடந்த கலியாணத்தை ஊரில் பார்க்க, செக்கனுக்கு ஐந்து படத்தைத் தூக்கி எறிய வேண்டும். இங்கே எடுத்ததைக் கனடாவில் பார்க்க, ஐந்து படத்தை இரண்டு தரம் காட்ட வேண்டும். நல்ல கருவி இதைக் கலந்து மறைக்கும். மலிவான மென்பொருள் அப்படியே வெட்டும். செக்கனுக்கு ஐந்து துள்ளல். உண்மையில் இங்கே விற்ற பிளேயர்கள் பல என்ரிஎஸ்சி தட்டையும் வாசித்தன, மாற்றாமல் அனுப்பியிருந்தால் சுகமாகப் போயிருக்கும். அங்கே உள்ள பிளேயர்கள் பலவற்றுக்குத்தான் பால் ஆகாது.

பழைய ரீவி ஒரு படத்தை ஒரேயடியாகக் காட்டுவதும் இல்லை. ஒற்றைக் கோடுகளை ஒரு தரம், இரட்டைக் கோடுகளை ஒரு தரம், இரண்டு பாதியாகக் காட்டும். மினி டிவி கசெற் கமராக்கள் கீழ்ப் பாதியை முதலில் தரும். டிவிடிக்கு மாற்றுகிற மென்பொருள்கள் பல மேல் பாதியை முதலாவது என்று எடுத்துக்கொள்ளும். ஸ்ரூடியோவில் அந்த ஒரு தெரிவைக் கவனிக்காமல் விட்டால், நேரம் இரண்டு, ஒன்று, நான்கு, மூன்று என்று ஓடும். நடந்து வருகிற பொம்பிளை ஒரு அடி முன்னுக்கு, அரை அடி பின்னுக்கு வைத்து நடுங்கிக்கொண்டு வருவா. கணினித் திரை இரண்டு பாதியையும் சேர்த்தே காட்டுவதால் அங்கே இது தெரியாது. "இஞ்ச வடிவா ஓடுது, உங்கட ரீவிதான் பிழை" என்று ஸ்ரூடியோக்காரர் சொன்னது பொய் இல்லை, அவருடைய திரையில் அது உண்மை.

ஆகவே ஒரு தட்டு திக்கினால் முதலில் எங்கே, எப்படித் திக்குகிறது என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இருந்தே ஒரே சீராகத் துள்ளினால் மாற்றும்போது வந்த பிழை. துடைத்தும் பயனில்லை, வேறு பிளேயரும் உதவாது. ஆனால் தரவு பத்திரமாக இருக்கிறது. கோப்பாக எடுத்தால் பாதிகளின் வரிசையைப் பிறகு திருத்தலாம். கணினியில் நன்றாக ஓடி, வெளிச்சமும் அசைவும் கூடிய இடங்களில் மட்டும் பிளேயர் திணறினால் தரவு வீதம். அதற்கும் அவசரம் இல்லை. விளிம்புப் பக்கம் போகப் போக மோசமாகி, பிளேயருக்குப் பிளேயர் நிற்கிற இடம் மாறினால், சாயம் போய்க்கொண்டிருக்கிறது. அவசரம் இதற்குத்தான்.

சாயத்துக்கு வெயிலும் வெக்கையும் ஈரமும் ஆகாது. எங்கட வீடுகளில் மூன்றும் உண்டு. நல்ல தட்டுச் செய்தவர்களும் போய்விட்டார்கள். தரத்துக்குப் பேர்போன யப்பானியத் தயாரிப்பாளர் தையோ யூடன் 2015இல் அந்தத் தொழிலையே விட்டது. புது மடிக்கணினிகளில் தட்டுப் போடும் இடமே கிடையாது. இடம்பெயர்வில் அல்பமும் கசெற்றும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு, முன்னர் எப்பவோ வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு கொப்பிதான் அம்மம்மா நடக்கிற, பேசுகிற ஒரே பதிவாக இருக்கலாம். செத்த ஆக்களின் குரல் உள்ள தட்டு அலுமாரிக்குள் நன்றாகத்தான் கிடக்கும் என்று நம்புவதற்கு, மேலே சொன்ன திருத்தக் கணக்கைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

செய்யும் முறை கடினம் இல்லை. வெளியே செருகுகிற டிவிடி கருவி ஒன்று போதும். கோப்புகளை இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ண வேண்டாம். முதல் பிழை வந்த இடத்திலேயே அது நின்றுவிடும். ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் முதலில் வாசிக்கக் கூடியதை எல்லாம் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, பிறகு திரும்ப வந்து முயலும். குறிப்பை ஒரு தனிக் கோப்பில் வைப்பதால் இரவு விட்டுக் காலையில் தொடரலாம், கரண்ட் போனாலும் பிரச்சினை இல்லை. இன்னொரு கருவியிலும் போட்டுப் பாருங்கள். ஒன்று வாசிக்காத இடத்தை மற்றது வாசிப்பது வழமை.

அதுவும் சரிவராவிட்டால் கொப்பி ஆரிட்ட இருக்கு என்று விசாரியுங்கள். ஸ்ரூடியோவில் ஒரே மூலத்தில் இருந்து அடித்த இரண்டு தட்டுகள் என்றால் உள்ளடக்கம் பைட்டுக்குப் பைட் ஒன்றே. இங்கே உள்ள தட்டில் விழுந்த ஓட்டைகளை, லண்டனில் சித்தப்பா வீட்டில் கிடக்கிற தட்டில் இருந்து நிரப்பலாம். அதே குறிப்புக் கோப்பை வைத்து அந்த இடங்களை மட்டும் எடுக்கச் சொன்னால் போதும். தட்டைத் தபாலில் அனுப்பவும் தேவையில்லை, அங்கே வைத்தே முழுத் தட்டையும் ஒரு கோப்பாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கனடாக் கொப்பி என்றால் மட்டும் முதலில் கேளுங்கள், என்ரிஎஸ்சிக்கு மாற்றி அடித்ததா என்று. மாற்றியிருந்தால் ஓட்டை நிரப்ப அது பொருந்தாது, தனியாக வைத்திருக்க வேண்டியதுதான்.